அறிவியல் புனைவில் எந்த வழியாக நுழைவது: நாவலா, காமிக்ஸா, அனிமேயா?

"அகிராவைப் படிக்கலாமா, பார்க்கலாமா?" என்று, காமிக்ஸாகவும் படமாகவும் வந்த அந்த ஜப்பானியக் கதையைப் பற்றி யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். இன்னொருவருக்கு நாவல் பக்கம் வர ஆசை, ஆனால் தடிமனைப் பார்த்துத் தயங்குகிறார். மூன்றாமவர் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) நிறையப் பார்த்தவர். அதற்கு மூலமான மங்காவையும் (ஜப்பானிய காமிக்ஸ்) தனியாகப் படிக்க வேண்டுமா என்பது அவர் சந்தேகம். மூவருக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "எல்லாமே நல்லாத்தான் இருக்கும், எதையாவது ஆரம்பிங்க."

எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை. பொருந்தாத வடிவத்தில் ஒரு நல்ல கதைக்குள் போனவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதோடு, அறிவியல் புனைவே தமக்கு ஒத்துவராது என்றும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆகவே வடிவத்தைத் தேர்வு செய்யும் முன் கதையைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதன் உயிர் எங்கே இருக்கிறது? ஒரு யோசனையிலா, ஒரு இடத்திலா, அல்லது அசைவிலும் ஒலியிலுமா? யோசனை என்றால் நாவல். இடம் என்றால் காமிக்ஸ். அசைவும் ஒலியும் என்றால் அனிமே. இதற்கு விலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோலைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, வேகம் யார் கையில் இருக்கிறது என்பது. அறிவியல் புனைவில் இது மற்ற வகைக் கதைகளைவிட முக்கியம். ஏனென்றால் நமக்குத் தெரியாத ஓர் உலகத்தின் விதிகளைப் படிக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. புரியாத இடத்தில் நின்று யோசிக்க முடியுமா, முடியாதா?

மூன்றாவது, நேரம். நான்காவது, முழுமை: கையில் எடுக்கும் வடிவத்தில் கதை உண்மையிலேயே முடிகிறதா? ஐந்தாவது, மூலத்துக்கும் நமக்கும் நடுவே எத்தனை கைகள் இருக்கின்றன என்பது. மொழிபெயர்ப்பாளர், தழுவிய இயக்குநர், சப்டைட்டில் எழுதுபவர் என்று ஒவ்வொரு கையும் எதையாவது சேர்க்கும், எதையாவது விட்டுவிடும்.

பலரும் முதலில் பார்க்கும் விஷயங்களான எது பிரபலம், எது புதுசு என்பவற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை.

## நாவல்

நாவலால் மட்டுமே முடிகிற காரியம் என்ன என்று கேட்டால் டேனியல் கீஸ் எழுதிய 'ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்' கதையைத்தான் காட்டுவேன். 1959இல் சிறுகதையாக வந்து, 1966இல் நாவலாக விரிந்தது. கதை முழுவதும் சார்லி என்பவன் எழுதும் அறிக்கைகள். அறிவுத்திறன் குறைந்தவனாக இருக்கும்போது 'அறிக்கை' என்ற சொல்லையே பிழையாகத்தான் எழுதுகிறான். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பிழைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. நிறுத்தக்குறிகள் என்று ஒரு சமாச்சாரம் இருப்பது தெரிந்ததும், புதுப் பொம்மை கிடைத்த குழந்தைபோல் அவற்றை வரி முழுக்கத் தூவி வைக்கிறான். அப்புறம் வாக்கியங்கள் நீள்கின்றன, கனமான சொற்கள் வருகின்றன. அவன் மூளைக்குள் நடப்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை, எழுத்தே காட்டிவிடுகிறது. இதை ஒரு நடிகரின் முகத்தையோ ஓவியத்தையோ வைத்துச் செய்து பாருங்கள்: அவன் மாறுகிறான் என்று காட்ட முடியும், அந்த மாற்றத்துக்குள் நம்மை உட்கார வைக்க முடியாது.

ஸ்டானிஸ்வாஃப் லெம் எழுதிய 'சோலாரிஸ்' (1961) இன்னொரு வகை. ஒரு கோளையே மூடியிருக்கும் கடல். அதற்கு அறிவு உண்டா என்று தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் ஆராய்கிறார்கள். நாவலில் கதாநாயகன் நூலகத்தில் உட்கார்ந்து அந்த ஆராய்ச்சியின் வரலாற்றைப் புரட்டும் நீண்ட பகுதிகள் வருகின்றன. கடல் உருவாக்கும் வடிவங்களை எப்படி வகைப்படுத்தினார்கள், எந்தக் கோட்பாடு எப்போது செல்வாக்கு இழந்தது என்றெல்லாம் விரிகிறது. சிலருக்கு அது இழுவை. எனக்கோ நாவலின் முதுகெலும்பே அதுதான். மனித அறிவு ஒரு சுவரில் முட்டி நிற்பதை அந்தப் பக்கங்கள்தான் உணர்த்துகின்றன. இதே நாவலை வைத்து சோவியத் இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி 1972இல் எடுத்த படம் பெரிய படைப்புதான். ஆனால் அதன் மனம் பூமியின் மீதும் குற்ற உணர்ச்சியின் மீதும் இருக்கிறது, அந்த நூலகத்தின் மீது இல்லை.

பேச்சும் நாவலின் பலம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய் நம் மனதில் நின்றது அதன் வாயால்தான். அதன் உருவத்தை ஆளுக்கு ஒரு மாதிரி நாமே வரைந்துகொண்டோம். மொழிபெயர்ப்பு என்ற தடுப்பு நடுவில் இல்லாததால் அந்தக் குறும்பு நேராக வந்து சேர்ந்தது.

மறைந்திருக்கும் செலவு. முதலாவது, நுழைவுக் கட்டணம். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'ட்யூன்' (1965) நாவலின் பின்பக்கத்தில் ஒரு சொல்லகராதியே இருக்கிறது. ஆரம்ப அத்தியாயங்களில் பெயர்கள், பதவிகள், மதச் சொற்கள் எல்லாம் விளக்கமின்றி வந்து விழும். அதைத் தாண்டப் பொறுமை வேண்டும். தாண்டியவருக்கு அந்தக் குழப்பமே பிறகு சொத்தாகிவிடும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. 'சோலாரிஸ்' மூலம் போலிஷ் மொழி. ஆங்கிலத்தில் 1970இல் வந்த பதிப்பு பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து செய்யப்பட்டது. போலிஷிலிருந்து நேரடியான ஆங்கில ஆக்கம் 2011இல்தான் வந்தது. அதாவது நாற்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் படித்தவர்கள் நகலின் நகலைத்தான் படித்தார்கள். லியு சிசினின் 'த்ரீ பாடி ப்ராப்ளம்' விஷயத்தில் நடந்தது வேறு. சீன நூலில் பண்பாட்டுப் புரட்சிக் காட்சிகள் நடுவே இருக்கும். 2014இல் வந்த ஆங்கிலப் பதிப்பு அவற்றைத் தொடக்கத்துக்கே கொண்டுவந்தது. ஆகவே ஒரு நாவலுக்கு இரண்டு மொழிபெயர்ப்புகள் இருந்தால், வாங்குவதற்கு முன் எது மூலத்திலிருந்து நேராக வந்தது என்று பார்த்துவிடுங்கள்.

நேரம்தான் பிரச்சினை என்பவர்கள் சிறுகதையை மறந்துவிடுகிறார்கள். இந்த வகை எழுத்து வளர்ந்ததே பத்திரிகைச் சிறுகதைகளில்தான். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' கூடப் பத்திரிகையில் தனித்தனிக் கதைகளாக வந்து பிறகு நூலானது. ஒரு மாலையில் ஒரு முழு யோசனையைப் படித்து முடிக்கும் வசதி வேறு எந்த வடிவத்திலும் இல்லை.

## காமிக்ஸ், மங்கா

காமிக்ஸில் இடம் என்பது வெறும் பின்னணி இல்லை. சுதோமு நிஹேயின் 'ப்ளேம்!' மங்கா 1997 முதல் 2003 வரை வந்தது, பத்துத் தொகுதிகள். யாரும் நிறுத்தாததால் தானாகவே வளர்ந்துகொண்டே போகும் ஒரு கட்டடம். அதன் அடித்தளமும் தெரியாது, கூரையும் தெரியாது. அதற்குள் ஒருவன் நடக்கிறான், அவ்வளவுதான் கதை என்றுகூடச் சொல்லலாம். பக்கம் பக்கமாக வசனமே இருக்காது. ஒரு பேனலில் (படக் கட்டத்தில்) பிரம்மாண்டமான குழாய்கள், படிக்கட்டுகள், அதள பாதாளம். ஒரு மூலையில் விரல் நகத்தளவுகூட இல்லாத மனித உருவம். அந்த உருவத்தைத் தேடிக் கண்டுபிடிக்கக் கண்ணுக்கு ஆகும் அந்த ஒரு நொடியில்தான் அளவு உறைக்கிறது. நாவலில் "கட்டடம் மிகப் பெரியது" என்று எழுதினால் அது தகவல். அனிமேயில் அந்தக் காட்சி ஐந்து நொடியில் போய்விடும். இங்கே மட்டும்தான் வேண்டிய நேரம் நின்று பார்க்கலாம்.

வேகம் நம் கையில், ஆனால் படம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக வருபவருக்கு இந்தக் கலவை மிகவும் உதவும். புரியாத ஒரு இயந்திரத்தைப் பற்றிப் படிக்கும்போது அதன் உருவமும் கண் முன்னே இருக்கிறது. பின்னால் புரட்டிச் சரிபார்க்கவும் முடிகிறது. மசாமுனே ஷிரோவின் 'கோஸ்ட் இன் தி ஷெல்' மங்காவில் ஆசிரியர் பக்க ஓரங்களில் குறிப்புகளை நிரப்பி வைத்திருப்பார். ஆயுதம், மூளை, கணினி, அரசியல் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். கதையை நிறுத்தாமல் பக்கத்திலேயே ஒரு வகுப்பு நடத்துவது காமிக்ஸுக்கே உரிய வசதி.

மறைந்திருக்கும் செலவு. மங்காவை வேகமாகப் படிப்பது மிகச் சுலபம். ஒரு தொகுதியை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, வசனத்தை மட்டும் மேய்ந்திருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். 'ப்ளேம்!' போன்ற ஒன்றை அப்படிப் படித்தால் "இதில் ஒன்றுமே இல்லையே" என்றுதான் தோன்றும்.

இரண்டாவது, திரை. இரண்டு பக்கங்களை ஒன்றாக விரித்து வரைந்த படங்களைக் கைபேசி பாதியாக வெட்டிவிடும். கதையின் உச்சக் காட்சிகள் பெரும்பாலும் அந்த இரட்டைப் பக்கங்களில்தான் இருக்கும். கதையின் உயிர் இடத்தில் இருப்பதாக முடிவு செய்து மங்காவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதைச் சின்னத் திரையில் படிப்பது தேர்வையே வீணாக்கிவிடும். அச்சுப் புத்தகம், இல்லையென்றால் ஒரு டேப்லெட்டாவது வேண்டும்.

மூன்றாவது, பழைய பதிப்புகள். மங்கா வலமிருந்து இடமாகப் போகும். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் வெளியிடும்போது பக்கங்களைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிடுவார்கள். வலது கையால் சுடுபவன் இடக்கைக்காரன் ஆகிவிடுவான். பழைய புத்தகம் மலிவாகக் கிடைத்தால் இதைப் பார்த்து வாங்குங்கள். வலமிருந்து இடம் படிப்பது பழகவே பழகாது என்று பயப்பட வேண்டாம், ஒரு தொகுதிக்குள் கண் பழகிவிடும்.

முடியாத தொடர்கள்தான் பெரிய ஆபத்து. பல ஆண்டுகள் ஓடும் தொடர் நடுவில் நின்றுபோகலாம். தொடக்கத்தில் முடிந்துபோன தொடர்களை மட்டும் எடுப்பது நல்லது.

## அனிமே

கத்சுஹிரோ ஓத்தோமோவின் 'அகிரா' படம் 1988இல் வந்தது. இரவு நகரத்தில் பைக்குகள் பாய்கின்றன. பின்விளக்கின் சிவப்பு, பைக் போன பிறகும் ஒரு கணம் காற்றில் கோடாக நின்று பின்பு கரைகிறது. கூடவே இந்தோனேசிய கேமலான் வாத்தியங்களின் அதிர்வும் மூச்சுவிடும் மனிதக் குரல்களும் சேர்ந்த இசை. அந்தச் சிவப்புக் கோடு மங்காவிலும் வரையக்கூடியதுதான். கரைவதை வரைய முடியாது.

மமோரு ஓஷியி 1995இல் எடுத்த 'கோஸ்ட் இன் தி ஷெல்' படத்தின் நடுவே ஏறக்குறைய மூன்று நிமிடம் கதை நின்றுவிடுகிறது. வசனம் இல்லை, சண்டை இல்லை. மழை, கால்வாய், விளம்பரப் பலகைகள், கண்ணாடிக்குப் பின்னால், இயந்திர உடல் கொண்ட கதாநாயகியைப் போலவே முகம் கொண்ட ஒருத்தி, கென்ஜி கவாயின் இசை. மங்கா பக்க ஓரத்தில் குறிப்பெழுதி விளக்கும் கேள்வியை (இந்த உடலும் நினைவும் என்னுடையவைதானா?) படம் அந்த மூன்று நிமிடத்தில் ஒரு சொல்லும் இல்லாமல் கேட்கிறது. இரண்டும் ஒரே கதை என்று சொல்லவே எனக்கு மனமில்லை. மங்காவில் கேலியும் சிரிப்பும் நிறைய உண்டு, படம் கிட்டத்தட்டத் தியானம்.

ஒலியைப் போலவே ஒலியின்மையும் அனிமேயின் சொத்து. 2075இல் விண்வெளிக் குப்பை பொறுக்குபவர்களின் கதையான 'ப்ளானடீஸ்' தொடரில், வெட்டவெளியில் இரண்டு பொருள்கள் மோதினால் சத்தம் வராது. ஹெல்மெட்டுக்குள் மூச்சு மட்டும் கேட்கும். இயற்பியல் சரியாக இருக்கிறது என்பதோடு விஷயம் முடியவில்லை. அந்த மௌனமே பயத்தைத் தருகிறது.

மறைந்திருக்கும் செலவு. வேகம் நம் கையில் இல்லை. அதை நம் கைக்குக் கொண்டுவர ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால், மேலே சொன்ன மூன்று நிமிடமும் மௌனமும் செத்துவிடும். அப்படிப் பார்ப்பதைவிட மங்காவையே படிக்கலாம்.

நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரு எபிசோடு சுமார் 24 நிமிடம். 26 எபிசோடு என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல். ஒரு நடுத்தர நாவலைப் படிப்பதைவிட அது குறைவு என்று நினைக்க வேண்டாம், ஏறக்குறைய சமம்தான்.

சப்டைட்டில் இன்னொரு செலவு. கண் திரையின் அடியில் இருக்கும்போது மேலே வரைந்தவரின் உழைப்பு தவறிப்போகிறது. வசனம் அடர்த்தியான தொடர்களில் டப்பிங் பார்ப்பதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

மிக முக்கியமானது முழுமை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மங்காவை எடுத்து அனிமே செய்யும்போது, கதை பாதியில் நிற்கும் அல்லது வேறு முடிவுக்குப் போகும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நாவல் | காமிக்ஸ், மங்கா | அனிமே |
|---|---|---|---|
| எதில் பலம் | யோசனை, உள்மனம், பேச்சு | இடம், அளவு, இயந்திர நுணுக்கம் | அசைவு, இசை, மௌனம் |
| வேகம் | முழுக்க நம் கையில் | நம் கையில், ஆனால் அவசரம் தொற்றும் | இயக்குநர் கையில் |
| நேரம் | அதிகம். சிறுகதை என்றால் ஒரு மாலை | குறைவாகத் தெரியும், சரியாகப் படித்தால் நடுத்தரம் | படம் என்றால் குறைவு, தொடர் என்றால் நாவல் அளவு |
| முழுமை | பெரும்பாலும் உண்டு | முடிந்த தொடராகப் பார்த்து எடுக்க வேண்டும் | தழுவல் என்றால் சந்தேகம் |
| நடுவில் இருக்கும் கைகள் | மொழிபெயர்ப்பாளர் | மொழிபெயர்ப்பாளர், பதிப்பாளர் | இயக்குநர், சப்டைட்டில் அல்லது டப்பிங் |

## ஒரே கதை பல வடிவில் இருந்தால்

உண்மையான குழப்பம் இங்கேதான். "மூலம் எதுவோ அதையே எடு" என்ற பொது அறிவுரை பாதி நேரம்தான் சரிவரும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

அகிரா. மங்கா 1982 முதல் 1990 வரை ஓடியது, ஆறு தொகுதிகள், 2,000 பக்கங்களுக்கு மேல். படம் வந்தது 1988, அதாவது மங்கா முடிவதற்கு முன்பே. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள் என்பதால் எதையும் போலி என்று தள்ள முடியாது. ஆனால் அகிரா யார் என்ற கேள்விக்கே இரண்டும் வேறு பதில் தருகின்றன. மங்காவின் பின்பாதியில் பெரும்பகுதி படத்தில் இல்லை. முதலில் படத்தைப் பாருங்கள் என்பேன். இரண்டு மணி நேரம், கொஞ்சம் குழம்புவீர்கள், பரவாயில்லை. அந்த அசைவு மனதில் ஏறிய பிறகு மங்காவைப் படித்தால் பேனல்கள் தாமாகவே நகரும். கதையும் அப்போதுதான் புரியும். திருப்பிச் செய்தால், 2,000 பக்கத்தின் அகலத்தைத் தெரிந்துகொண்டு படத்தில் எதைக் காணோம் என்று எண்ணிக்கொண்டிருப்போம்.

நௌசிகா. இதில் எனக்கு ஊசலாட்டமே இல்லை: மங்கா. ஹயாவோ மியாசாகி 1982இல் தொடங்கி இடையிடையே நிறுத்தி 1994இல்தான் முடித்தார், ஏழு தொகுதிகள். 1984இல் வந்த படம் ஏறக்குறைய முதல் இரண்டு தொகுதிகளின் கதையை எடுத்துக்கொண்டு, தனக்கென்று நம்பிக்கையூட்டும் ஒரு முடிவைச் செய்துகொண்டது. மங்கா அதற்குப் பிறகு வெகுதூரம் போகிறது. கதையின் உலகத்தில் பரவிவரும் நச்சுக்காடு எதற்காக இருக்கிறது, மனிதர்களுக்கு அதில் இடம் உண்டா என்ற கேள்விகளுக்கு அது வந்து சேரும் இடம் படத்தைவிட மிகக் கடினமானது. குழந்தைகளோடு உட்கார்ந்து ஒரு மாலை பார்க்க வேண்டுமென்றால் படம். தனியாக, முழுசாக என்றால் மங்காதான்.

லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ். விதிவிலக்கு இதுதான். மூலம் நாவல்: யோஷிகி தனாகா 1982 முதல் 1987 வரை எழுதிய பத்துத் தொகுதிகள். பேரரசுக்கும் குடியரசுக்கும் நடக்கும் நெடும்போர், அரசியல், வரலாறு என எல்லாமே யோசனைதான். என் விதிப்படி நாவலுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆனாலும் 1988 முதல் 1997 வரை வந்த 110 எபிசோடு அனிமேயையே முதலில் சொல்வேன். காரணம், ஆட்கள். பெயர்களின் கூட்டத்தில் நாவல் வாசகர் திணறிப்போவார். அனிமேயில் ஒவ்வொருவருக்கும் முகமும் குரலும் உண்டு, ஆள் வரும்போது பெயரையும் திரையில் போட்டுவிடுவார்கள். மாலர், ப்ரூக்னர் போன்ற மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர்களின் இசை ஒலிக்க, கப்பற்படைகள் மெதுவாக நகரும். அதோடு பத்து நாவல்களின் கதையையும் இது முடித்துவைக்கிறது. விலை என்னவென்றால் சுமார் 45 மணி நேரம். அவ்வளவு நேரம் இல்லாதவர் தனாகாவின் முதல் தொகுதியை மட்டும் படித்துப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ப்ளானடீஸ். மக்கோத்தோ யுக்கிமுராவின் மங்கா நான்கே தொகுதிகள், 1999 முதல் 2004 வரை. அனிமே 26 எபிசோடு. மங்கா தொடங்கும்போதே யூரி என்பவர் விண்வெளிக் குப்பைக்கு நடுவே தன் மனைவியின் திசைகாட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அனிமே அப்படித் தொடங்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணின் முதல் நாளில் தொடங்கி, அலுவலகத்தின் சின்னத்தனங்களையும் பட்ஜெட் பஞ்சத்தையும் காட்டி, யூரியின் கதையைப் பிறகுதான் சொல்கிறது. அதற்குள் அவரை நாம் தினமும் பார்க்கும் சக ஊழியராகவே பழகிவிட்டிருப்போம், அதனால் வலி கூடுகிறது. தனிமனிதனும் பேரண்டமும் என்ற சிந்தனை பிடித்தவருக்கு மங்கா. வேலை, சம்பளம், நாடுகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு இவற்றோடு விண்வெளியைப் பார்க்க விரும்புபவருக்கு அனிமே.

## யாருக்கு எது

பகல் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்பவர், இரவில் நாவலையோ அச்சு மங்காவையோ எடுப்பது நல்லது. அனிமே அவருக்கு ஓய்வாக இருக்காது, பாதியில் தூக்கம் வரும், பழி கதையின் மேல் விழும். நண்பர்களோடு பேசிக்கொண்டே அனுபவிக்க வேண்டும் என்றால் அனிமே, அதுவும் வாரம் இரண்டு மூன்று எபிசோடு என்று பகிர்ந்து பார்த்தால். இயந்திரங்கள், கட்டடங்கள், வடிவமைப்பு என்று கண் அலையும் ஆட்களுக்கு யோசிக்காமல் மங்கா. "ஏன் இப்படி இருக்கிறது, இது இல்லாவிட்டால் என்ன ஆகும்" என்று எதையும் குடைபவர்களை நேரே நாவலுக்கு அனுப்புங்கள், படக்கதையில் அவர்களுக்குப் பசி அடங்காது.

இதுவரை எதையுமே தொட்டதில்லை, எது பிடிக்கும் என்றும் தெரியாது என்பவர் முடிந்துபோன ஒரு குறுந்தொடர் மங்காவில் தொடங்கட்டும். நேரமும் பணமும் அதிகம் போகாது, பிடிக்காவிட்டால் ஒரு தொகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். 'ப்ளானடீஸ்' நான்கு தொகுதி என்பதால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். படித்து முடித்ததும் எதற்காக மனம் ஏங்குகிறது என்று கவனியுங்கள். அந்த மௌனத்தைக் கேட்க வேண்டும் போலிருந்தால் அனிமே பக்கம் போங்கள். பாத்திரங்கள் பேசியதைவிட இன்னும் ஆழமாக யாராவது பேச வேண்டும் போலிருந்தால் 'சோலாரிஸ்' காத்திருக்கிறது, 2011 மொழிபெயர்ப்பில்.